இளைப்பாறாத கயிறு

மார்ச் 3

என்னங்க,

இங்கே நலம். சாமான் படகு காலையில் கிளம்பிவிடும், அதற்குள் எழுதுகிறேன். நீங்கள் இருக்கும் நடுக்கடலில் சிக்னல் இல்லாததும் நல்லதுதான். போனில் என்றால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள்.

நம் சுண்டெலிப் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உங்களுக்கும் சேர்த்து நானே பயந்து முடித்துவிட்டேன். இரண்டு ராத்திரி மடியை விட்டு இறங்கவில்லை. அப்புறம் உங்கள் அக்கா வந்து வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் தூங்கினேன். எழுந்தால் புது ஆள். அந்தத் தூக்கம்தான் இப்போது என்னைப் படுத்துகிறது.

அலையில் மின்சாரம் எடுக்கும் உங்கள் மிதவையைக் கட்டப்போகிற கயிற்றை எங்கள் சோதனைக்கூடத்தில் நனைத்து நனைத்து இழுத்தோமே, அது தேறிவிட்டது. கடல் அதை எத்தனை முறை இழுக்குமோ அத்தனை முறை நாங்களும் இழுத்தாயிற்று. ஆனால் மாடியில் குடியிருப்பவர்கள் சத்தம் என்று சண்டைக்கு வருவதால் தினமும் சாயங்காலம் மெஷினை நிறுத்துவோம், ஞாயிறும் நிறுத்துவோம். எண்ணிக்கை சரிதான். கயிறு மட்டும் தூங்கித் தூங்கி எழுந்திருக்கிறது. கடல் அதைத் தூங்கவிடுமா?

நிறுத்தாமல் இன்னொரு முறை ஓட்டச் சொல்லட்டுமா? சொன்னால் நீங்கள் வருவது தள்ளிப்போகும். அதனால்தான் கேட்கிறேன்.

உங்கள்
பயந்தாங்கொள்ளி

மார்ச் 10

அன்புள்ள சந்தேகப் பிராணிக்கு,

கயிற்றைக் கட்டினால்தான் எனக்கு இங்கிருந்து விடுதலை. சுண்டெலி நடப்பதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். நீயோ பாஸான கயிற்றை மறுபடி பரீட்சைக்கு உட்காரவைக்கிறாய். குழந்தை தும்மினாலே இரண்டு டாக்டரைப் பார்க்கிறவள்தானே.

போர்மேன் கேட்டார், "வீட்டம்மா எதையும் ரெண்டு தடவை பாப்பாங்களோ?" என்று. "என்னை மட்டும் ஒரு தடவைதான் பாத்தா, அதுலயே கல்யாணம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் இஷ்டம்.

மார்ச் 18

என்னங்க,

"உன் இஷ்டம்" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துகூடப் போடவில்லை. சமைக்கும்போதும் துவைக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு போய்க் கேட்டுவிட்டேன்.

மேலதிகாரி மாடிக்காரர்களைக் காட்டித் தட்டிக்கழிக்கப் பார்த்தார். நானே படியேறிப் போய், "அந்தக் கயிறு பக்கத்துல என் வீட்டுக்காரர் நிப்பாருங்க" என்றேன். "ஓட்டிக்கோங்க" என்றுவிட்டார்கள். அதே கயிற்றில் வேறொரு துண்டைப் பூட்டியிருக்கிறோம். மெஷின் இப்போது நிற்பதே இல்லை.

சுண்டெலி நேற்று நாற்காலியிலிருந்து கட்டில்வரை நடந்தாள். மறைத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், மனசு வரவில்லை. கோபமாகவே இருங்கள். கோபப்பட நீங்கள் இருந்தால் போதும்.

உங்கள்
அவளேதான்

ஏப்ரல் 6

என்னங்க,

இரண்டு படகு வந்துபோனது. உங்கள் கடிதம் இல்லை. சரி.

கயிறு நேற்று அறுந்துவிட்டது. போன தடவை எண்ணிக்கையில் பாதிகூடத் தாங்கவில்லை. உள்ளே இழைகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து மாவாகியிருந்தன. வெளியே புதுசு மாதிரி மினுமினுப்பு. அறுந்த முனை விசிறியடித்ததில் பாதுகாப்புக் கூண்டின் இரும்புக் கம்பி வளைந்துவிட்டது. மேலதிகாரி என்னிடம் ஏதோ பாராட்டிச் சொன்னார், காதில் விழவில்லை. அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவள்தான்.

சுண்டெலியை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 13

என் பயந்தாங்கொள்ளிக்கு,

உன் கடிதத்தைப் போர்மேன் உரக்கப் படிக்கச் சொன்னார். கம்பி வளைந்த இடம் வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை, அவரே வாங்கிப் படித்தார். பிறகு எல்லோரும் மேல்தளத்துக்குப் போனோம். கயிறு ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் நான் நிற்கவேண்டிய இடத்தை மஞ்சள் பெயின்டால் குறித்திருந்தார்கள். அங்கே கூண்டு எதுவும் இல்லை. போர்மேன் என் தோளில் கையை வைத்தார், எடுக்க நேரமாயிற்று.

புதுக் கயிறு வரும்வரை எங்களுக்கு இங்கே வேலை இல்லை. எல்லோரையும் ஊருக்கு அனுப்புகிறார்கள். நான் பயந்ததற்கு நேர்மாறாக ஆகிவிட்டது, பார்.

இதைத் தபால் பையில் போடவில்லை, நானே உன் கையில் கொடுக்கச் சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். தாடியைப் பார்த்துச் சுண்டெலி அழுதாலும் அழட்டும், சமாளித்துக்கொள்கிறேன்.

படித்தாயிற்றா? அவளை இப்படிக் கொடுத்துவிட்டு, போய்த் தூங்கு.