சாமை மூட்டையில் படுத்த லென்ஸ்

என்னங்க,

முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். அமிர்தியில் கல்யாண ஆர்டர். சின்ன லென்ஸையும் ஒரு கேமராவையும் நான் எடுத்துக்கொண்டேன். இன்று படவேட்டுக் கோயிலில் உங்கள் அக்கா பேத்தியின் காதுகுத்தை நீங்கள்தான் படம் எடுக்க வேண்டும். இன்னொரு கேமரா, ஜூம் லென்ஸ் மாட்டியபடி, பீரோவில் மஞ்சள் துணிப்பைக்குள் இருக்கிறது.

மறுபடியும் சொல்கிறேன், லென்ஸ் பனியில் நனைந்தால் மெதுவாக ஒற்றி எடுத்தால் போதும். சாமை மூட்டைக்குள் புதைக்கக் கூடாது. "சாமை ஈரத்த இழுத்துக்கும்டி" என்று நேற்று என்னிடமே வாதாடினீர்கள். லென்ஸ்தான் உமியை இழுத்துக்கொண்டது. திருகினால் இன்னும் கரகர என்கிறது. அதைச் சுத்தம் செய்கிறேன் என்று, திறந்த மூட்டைக்கு மேலேயே பிடித்துத் திருப்புளியால் கழற்றி, ஒரு ஸ்குரூவையும் தொலைத்தீர்கள். அதற்குத்தான் கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன், சரி.

கேமராவில் மாட்டும் அதன் அடி வளையம் இப்போது நான்குக்கு மூன்று ஸ்குரூவில் நிற்கிறது. கேமராவை மட்டும் பிடித்துத் தூக்காதீர்கள், இடது கையால் லென்ஸை அடியில் தாங்குங்கள். கேமராவைக் கிட்டத்தில் பார்த்தாலே குழந்தை அழும். அக்கா, "இன்னாடா, எட்டத்துலயே நிக்கிற?" என்பார். நகராதீர்கள், ஜூம் அதற்குத்தான். கோயில் வாசலில் புழுதி பறக்கும், லென்ஸைக் கழற்றவே வேண்டாம்.

உப்புமா அடுப்பு மேல் மூடியிருக்கிறது. சாவியைப் பக்கத்து வூட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மஞ்சுளா

பி.கு.: அந்த மூட்டைச் சாமையில் செய்த உப்புமாதான். புடைத்தும் சலித்தும் பார்த்தேன், ஸ்குரூ கிடைக்கவில்லை. மெதுவாக மெல்லுங்கள். பல்லில் ஏதாவது கடிபட்டால் துப்பி எறியாமல், கழுவி டம்ளரில் போட்டு வையுங்கள். பாதியை நான் சாப்பிட்டுவிட்டேன். என் பங்கில் இல்லை.