நங்கூரக் கயிற்றில் இருவர்

மாப்ளே,

இன்று காலை உன் அக்கா புதிதாக வாங்கி வந்த சந்தன பவுடர் டப்பாவைத் திறந்தாள். கழுத்தில் பூசிக்கொண்டு விளக்கேற்றப் போய்விட்டாள். நான் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு குளியலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது, ஆனால் எனக்கு முதுகு சில்லிட்டது. சந்தன வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். எனக்கு நியூ ஜெர்சிக் கடலுக்கு அடியில் கிடக்கும் அந்தச் சரக்குக் கப்பல் ஞாபகம் வருகிறது. எல்லாம் உன் புண்ணியம்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்குக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாளைப் பற்றிப் பேச எனக்கு வேறு ஆள் கிடையாது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது நம் குடும்பம் முழுக்கத் தெரிந்த விஷயம். எல்லோரும் ராட்டினத்தில் ஏறும்போது கீழே நின்று பைகளைக் காவல் காப்பவன் நான். நீ நேர் எதிர். ஜெர்சி சிட்டியில் ஒரே பேங்க்கில் நாம் இருவரும் காண்ட்ராக்ட்டில் இருந்தபோது, ஒருநாள் மத்தியானம் என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே, "அத்தான், டைவிங் கோர்ஸ்ல ரெண்டு பேருக்கும் பேர் குடுத்துட்டேன். ஸ்கிரீனையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு" என்றாய்.

உன் அக்கா தடுத்துவிடுவாள் என்று நம்பித்தான் வீட்டில் சொன்னேன். அவளோ, "அவன் தனியாப் போனா எனக்குப் படபடன்னு வரும். நீங்களும் கூடப் போங்க, அவனைப் பாத்துக்கோங்க" என்றாள். உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தானைப் பாத்துக்கோடா" என்றும் சொல்லியிருக்கிறாள். இப்படி ஒருவருக்கு ஒருவர் காவலாகப் போன இரண்டு பேரில் யார் முதலில் வேண்டாம் என்பது? மூன்றாவது வருஷம் நூற்று முப்பது அடி ஆழத்துக் கப்பல் வரைக்கும் போய்விட்டோம்.

அந்தக் கடல் கோடைக்காலத்திலும் அடியில் ஐஸ்பெட்டிதான். அதனால் தண்ணீர் புகாத உடை. அதன் கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ரப்பர் பட்டை தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அது கிழியாமல் கையை நுழைக்கப் பவுடர் போட வேண்டும். வாசனையில்லாத பவுடர் என்று வகுப்பில் சொன்னார்கள். நம் வீட்டில் வாசனையில்லாத பவுடருக்கு எங்கே போவது? உன் அக்கா என் பையில் போட்டுவிடும் சந்தன டப்பாவிலிருந்துதான் நீ என் கைக்கு அள்ளிப் பூசுவாய். கன்னத்திலும் ஒரு கோடு இழுத்து, "மாப்பிள்ளை ரெடி!" என்று படகே கேட்கக் கத்துவாய். படகில் மீன் நாற்றத்தைத் தவிர வேறு வாசனை வருவது நம்மால்தான் என்று கேப்டனும் சிரிப்பார். அந்த வாசனை எண்ணெய் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்பது நம் இருவருக்கும் உறைக்கவே இல்லை. உன் பட்டை அந்த வருஷம்தான் மாற்றியது. என்னுடையது பழசு.

அன்று நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பச்சைத் தண்ணீர் கறுத்துக்கொண்டே வந்து கடைசியில் நம் டார்ச் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. திடீரென்று எதிரே துருப்பிடித்த இரும்புச் சுவர். மனுஷர்கள் நடமாடிய படிக்கட்டு அங்கே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்ததைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நீயோ கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி ஒவ்வொரு அறை வாசலிலும் டார்ச் அடித்துப் பார்த்தாய்.

என்றோ அறுந்துபோன மீன்வலை ஒன்று கப்பல்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கே தெரியாத நைலான். என் இடது கை அதில் மாட்டியது. இழுக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். நீ வந்து கத்தியால் வலையை அறுத்துவிட்டாய். கை விடுபட்ட அதே நொடியில் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் அங்கிருந்து நெஞ்சுக்கும் ஐஸ் தண்ணீர் ஓடியது. ரப்பர் நீளவாக்கில் கிழிந்திருந்தது.

மேலே போகணும் என்று சைகை காட்டினேன். ஆனால் அவ்வளவு ஆழத்திலிருந்து நேராக மேலே போய்விட முடியாதே. உடம்புக்குள் கரைந்த வாயு மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் அது ரத்தத்தில் குமிழியாகி ஆளையே முடித்துவிடும். அதனால் இருபது அடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். படகின் அடிப்பாகம் தலைக்கு மேலேயே தெரிந்தது. ஏணிகூடத் தெரிந்தது. எனக்கு இடுப்பு வரைக்கும் மரத்துப்போயிருந்தது. தாடை அடித்துக்கொண்டதில் காற்றுக்குழாய் வாயில் நிற்கவில்லை. செத்துவிடுவேன் என்று தெளிவாகத் தெரிந்தது. வந்தால் குமிழி வரட்டும், மேலே போய்க் காற்றில் சாகிறேன் என்று கயிற்றை விட்டேன்.

நீ விடவில்லை. உன் ஒரு கை கயிற்றில், மறு கை கிழிந்த பட்டைக்கு மேலே என் மணிக்கட்டைச் சுற்றி. உன்னை உதைத்தேன். உன் கண்ணாடிக்கு முன்னால் முஷ்டியை ஆட்டினேன். நீ என் கண்ணையே பார்த்துக்கொண்டு தொங்கினாய். கயிறு அலையில் எகிறும்போதெல்லாம் பிடி இன்னும் இறுகியது. உன் கை வெடவெடவென்று நடுங்கியதை உணர்ந்தேன். பாவம், இவனுக்கும் குளிர்கிறது என்று அந்த நிலைமையிலும் நினைத்தேன்.

படகில் ஏறியதும் நீ உன் உடையைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த பஞ்சு உடுப்பை எனக்கு மாட்டிவிட்டாய். அது கதகதவென்று இருந்தது. கேப்டன் என் ரப்பர் பட்டையை மோந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பவுடர் விஷயத்தை அவர்தான் விளக்கினார். உன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்காட்ட சொல்லிராதீங்கத்தான்."

"எதை?"

"எதையுமே."

சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் கடல் பக்கமே போகவும் இல்லை. நீ போனாய். ஒவ்வொரு தடவையும் நீ திரும்பி வந்து போன் பண்ணும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. பயம் என்பதே தெரியாத ஜென்மம் என்று உன்னைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

கடைசியில் கடல் உன்னை ஒன்றும் செய்யவில்லை. உன் இதயம்தான் காலை வாரியது. ஆபரேஷன் அன்று உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று அக்கா வெளியிலேயே உட்கார்ந்துகொண்டாள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட உனக்கு இந்த ஊரில் எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? நான்தான் உன் பக்கத்தில் நின்றேன்.

"அத்தான், பயமா இருக்கு" என்றாய்.

"உனக்கா?"

"அன்னைக்குக் கயித்துல தொங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு."

"அன்னைக்குப் பயந்தது நான்லா, மாப்ளே. நீ எங்க பயந்த?"

நீ சிரிக்கப் பார்த்தாய். "நீங்க குளிர்ல நடுங்குனீங்க. என் டிரஸ்ஸுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நான் எதுக்கு நடுங்குனேன்னு நெனச்சீங்க?"

படகில் நீ மாட்டிவிட்ட அந்த உடுப்பு காய்ந்துதான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் வந்தவன் நான். இத்தனை வருஷமாக அது எனக்கு உறைக்கவில்லை.

உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கட்டிலைத் தள்ளத் தள்ளக் கூடவே நடந்தேன். இரட்டைக் கதவுக்கு முன்னால் நர்ஸ் என் தோளைத் தொட்டு, இதற்கு மேல் நீங்கள் வரக் கூடாது என்றாள். உன் கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் விட்டுவிட்டேன். விடத்தான் வேண்டும், எல்லோரும் அங்கே விட்டுவிடுகிறார்கள். அந்தக் கதவு வழியாக நீ திரும்பி வரவில்லை.

ஆபீஸுக்கு இப்போதும் நாம் சேர்ந்து போன அதே ரயில்தான். ஆற்றுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் காது அடைத்து, மூச்சு வேகமாகிவிடுகிறது. மேலே எவ்வளவு தண்ணீர் என்று மனசு தானாகக் கணக்குப் போடுகிறது. அப்போது வலது கையால் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன், நீ பிடித்த அதே இடத்தில். நான் நாடி பார்ப்பதாகப் பக்கத்தில் நிற்பவர்கள் நினைக்கலாம். அக்கரை வரும் வரைக்கும் விடுவதில்லை. ஆனால் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது என் கைதான், மாப்ளே.