கப்பலில் வந்த பால்

சேசு மரி சூசை

சாந்தோம்,
1946 ஆகஸ்டு, மாதா மோட்சமேறின திருநாளுக்கு முந்தின நாள்.

பாப்பு, என் கண்ணே,

சர்வேசுரன் கிருபையால் பம்பாயில் உன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்பி எழுதுகிறேன், இங்கே நானும் எருமை ராணியும் சுகமாயிருக்கிறோம், சுகம் சொல்ல இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. உன் அப்பா தபசுகாலத்தில் கண்ணை மூடினதிலிருந்து கடிதம் எழுதுகிற வேலையும் என் தலையில் விழுந்தது, அவர் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும், நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணிக்கொண்டு போனால் உன்னோடு இருக்கிற நர்சுப் பிள்ளைகளிடம் காட்டிச் சிரிக்காதே. காலையில் செம்பு கழுவும்போது அவர் இருமுகிற சத்தம் கேட்டமாதிரி இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். அழாதே அம்மா என்று எழுதியிருந்தாய், சரி. எருமையை விற்றுவிட்டு பம்பாய்க்கே வந்துவிடு என்றும் எழுதியிருந்தாய், அதற்குத்தான் பதில் சொல்லவேண்டும், ஆனால் எடுத்த எடுப்பில் சொல்ல வரவில்லை. இந்த ஆடி மாசத்தில் நான் கண்ணால் பார்த்ததையெல்லாம் சொன்னால்தான் அந்தப் பதில் உனக்கு விளங்கும். இத்தனை வயசுக்கு நான் இப்படி வாயைப் பிளந்துகொண்டு நின்றதே இல்லை.

மடத்து அனாதைப் பிள்ளைகளுக்கு நாம்தானே பால் ஊற்றினோம், நீ கூடச் சின்னதில் சட்டி பிடித்துக்கொண்டு நின்ற வாசல். அப்பா போன பிறகும் நான் ராணியை ஓட்டிக்கொண்டு போய் அந்த வாசலிலேயே கட்டிக் கறந்து கொடுத்துவந்தேன். ஒரு நாள் சமையற்கட்டுச் சிஸ்டர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, லூயிசா, இனிமேல் பால் வேண்டாமம்மா, கப்பலில் வந்துவிட்டது என்றார். கப்பலில் மாடா வந்தது சிஸ்டர் என்று கேட்டேன். அவர் என்னை உள்ளே அழைத்துப்போய் ஒரு பெரிய தகர டப்பாவைத் திறந்து காட்டினார். வெள்ளை வெளேரென்று மாவு, கோலமாவைவிட மெல்லிசு. அதை வெந்நீரில் போட்டுக் கரண்டியால் சுழற்றினார் பாப்பு, சுழற்றச் சுழற்றப் பால்! மாடில்லை, மடியில்லை, பால் மட்டும் இருக்கிறது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். கானாவூர்க் கலியாணத்தில் சேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கினதைப் பிரசங்கத்தில்தான் கேட்டிருக்கிறேன், கண்ணெதிரே நடக்குமென்று நினைக்கவில்லை.

சிஸ்டர் ஒரு காகிதத்தில் கொஞ்சம் மடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கரைத்து அடுப்பில் வைத்து, ஆடை கட்டும் கட்டுமென்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், கட்டவே இல்லை. துக்கவீட்டு அடுப்பு, அழுத கண்ணோடு காய்ச்சினோம், அதனால்தான் பால் ஆடை கொடுக்கவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, மறுநாள் ஓடிப்போய் என் கைபட்டு உங்கள் பால் கெட்டுவிட்டது, மன்னியுங்கள் என்று சிஸ்டரிடம் நின்றேன். அவர் என் முந்தானையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டு, பைத்தியமே, வெண்ணெயை அந்த ஊரிலேயே எடுத்துவிட்டுத்தான் மாவாக்குகிறார்கள், வெண்ணெய் வேறு கப்பலில் வேறு தேசத்துக்குப் போகிறது என்றார். ஒரே மாட்டின் பால் பாப்பு, வெண்ணெய்க்கு ஒரு கப்பல், மிச்சத்துக்கு ஒரு கப்பல். அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

இது பாதிதான். ராணிக்கு இப்போது கடலைப் புண்ணாக்கு கிடைப்பதில்லை. மயிலாப்பூர் குளத்தங்கரைப் பக்கம் சின்னச் சின்னப் புண்ணாக்குக் கடைகள் இருந்தது உனக்கு நினைவிருக்கும், ஒருவன் மண் கலந்தால் அப்பா அடுத்தவனிடம் போவார். அந்தக் கடைகள் ஒன்றொன்றாகக் கதவு சாத்திவிட்டன. சர்க்கார் கொடுக்கிற பர்மிட் எல்லாம் அடையாற்றுப் பக்கத்து மண்டிக்காரர் சந்திரமௌலி ஒருத்தர் கைக்குப் போய்விட்டதாம், அவர் கொடுத்தால்தான் உண்டு. சண்டைக் காலத்தில் கப்பல் ஏறக்கூடாது என்று இருந்த புண்ணாக்கு, இப்போது அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டதால் மூட்டை மூட்டையாகச் சீமைக்குப் போகிறதென்று பேசிக்கொண்டார்கள். நான் நம்பவில்லை, வெள்ளைக்காரன் புண்ணாக்கை என்ன செய்வான் என்று நம் பொன்னுரங்கத்தைக் கேட்டேன், மண்டிக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறானே அவன்தான். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு, யக்கா, அவன் துன்றதுக்கா வாங்குறான், அவன் மாடு துன்னுது, வா ஏறு, கண்ணால பாத்துக்கோ என்று என்னை மூட்டையின் மேல் உட்காரவைத்துத் துறைமுகத்துக்கே ஓட்டிப்போய்விட்டான்.

வெளியே நின்றேதான் பார்த்தேன், உள்ளே விடவில்லை. ஒரு இரும்புக் கை வானத்திலிருந்து இறங்கி, நான் உட்கார்ந்து வந்த மூட்டைகளையே ஒரு வலையில் அள்ளி, கோயில் கோபுர உசரத்துக்குத் தூக்கிக் கப்பல் வயிற்றுக்குள் விட்டது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது பக்கத்துக் கப்பலிலிருந்து அதேமாதிரி ஒரு கை தகர டப்பாக்களை இறக்கிற்று, சிஸ்டர் காட்டின அதே டப்பா. பொன்னுரங்கம் அவற்றையும் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினான். போசொல்லோ புண்ணாக்கு, வர்சொல்லோ பால்மாவு, வண்டியும் ஒண்ணுதான், மொதலாளியும் ஒண்ணுதான்க்கா, நீ இன்னாத்துக்கு அழுவுற என்றான். அழவில்லை பாப்பு, மலைத்துப்போயிருந்தேன். தென்னார்க்காட்டுக் கடலை செக்கில் ஆடி, ராணி வாய்க்கு வராமல் கடல் தாண்டி, யாரோ ஒருத்தி மாட்டுக்குத் தீனியாகி, பாலாகி, மாவாகி, திரும்ப நம் மடத்துப் பிள்ளை வயிற்றுக்கே வந்து சேருகிறது. இவ்வளவு பெரிய சுற்றை யார் மனசில் போட்டிருப்பார்கள், அதில் ராணியின் தொட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா.

அடுத்து மண்டிக் கணக்குப்பிள்ளை ஆள் அனுப்பினார், மண்டியில் புதிதாகப் போட்ட பால்மாட்டுக் கொட்டகையை வந்து பார் என்று. போனேன். நம் தெருப் பாஞ்சாலி அங்கேதான் இருக்கிறாள், அவள் எருமையை மண்டிக்கே விற்றுவிட்டு அதே எருமையைக் கூலிக்குக் கறக்கிறாள். சாந்தோம், மயிலாப்பூர், அபிராமபுரத்து எருமைகள் எல்லாம் ஆற்றோரம் ஒரே கொட்டகையில், கண்ணுக்கெட்டின மட்டும் கறுப்பு முதுகாக நிற்கின்றன. எல்லாரும் ஒன்றாகக் கறக்க உட்கார்ந்தபோது தகரக் குவளைகளில் விழுந்த பால் சத்தம் ஐப்பசி மழை மாதிரி கேட்டது, உடம்பு சிலிர்த்துவிட்டது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பாஞ்சாலியைப் பார்த்து எப்படிடி இருக்கிறாய் என்றேன், இன்னா சொல்றது லூசாக்கா, நான் கூலிக்காரி ஆய்ட்டேன், ஆனா இத்துக்குத் தெரியாது, இது இன்னமும் என்னத்தான் எஜமானின்னு நெனச்சிக்கினு கீது என்று எருமை முதுகில் தட்டிச் சிரித்தாள். சிரித்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கணக்குப்பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். எருமையை வெலைக்குக் குடுத்துட்டு இங்கே கட்டிடும்மா, கறக்கக் கூலி உண்டு, தீனி எங்க கவலை, தனியா நின்னியானா மண்டில புண்ணாக்கு கெடையாது, ஊத்துறதுக்கு ஆஸ்பத்திரியும் கெடையாது மடமும் கெடையாது, எல்லாம் நம்ம காண்ட்ராக்ட் என்றார். ராணி சினையாயிருக்கிறாள், அப்பாதான் கடைசியாகக் கடாவுக்கு ஓட்டிப்போனார், அது உனக்குத் தெரியாது. கன்று போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கன்னா, அத்த வெச்சிக்கினு இன்னா பண்றது, பால் குடிச்சிடுமே என்றார். அவர் கெட்டவரில்லை, கணக்கைச் சொன்னார். இன்னிக்கே சொல்லிடு, நாளிக்கு வந்தா நான் வாங்கமாட்டேன் என்றார். எனக்கு உன் நினைப்பு வந்தது, பம்பாய் ரயில் நினைப்பும் வந்தது, சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாட்டேன் என்று வந்துவிட்டது. கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ராணியும் போய்விட்டால் இந்தப் பக்கத்தில் மண்டிக்காரரைத் தவிர பால் விற்க ஒரு ஆள் இருக்காது, வாங்குகிறவளுக்கும் வேறு வாசல் இருக்காது, அது எனக்கு அங்கே நின்றபோதுதான் பளிச்சென்று தெரிந்தது. துணிச்சல் என்று நினைக்காதே, செபமாலையை உருட்டிக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தேன்.

ஆக உன் கேள்விக்குப் பதில், விற்கவில்லை பாப்பு, இப்போதைக்கு வரவும் முடியாது. பால் பாதியாகக் குறைந்துவிட்டது. வீடுகளில் கழுநீர் கேட்டுப் போகிறேன், ரேஷன் அரிசி வந்ததிலிருந்து வடித்த கஞ்சியை மனுஷரே குடித்துவிடுகிறார்கள், எருமைக்கு மிஞ்சுவது வெறும் தண்ணீர். ஆற்றோரம் புல் அறுக்கிறேன். மாடவீதி சங்கரன் வாத்தியார் வீட்டு மாமி மட்டும், தகரப்பாலெல்லாம் எங்காத்து வாசப்படி ஏறாது, நீ எருமையை ஓட்டிண்டு வா லூயிசா, அதுக்குத் திங்கப் புளியங்கொட்டை சேர்த்து வெச்சிருக்கேன் என்கிறாள். அப்படி மூன்று வீடு இருக்கிறது. கன்று போடுகிறவரை தாங்குவேனா தெரியவில்லை, தாங்கப் பார்க்கிறேன்.

நீ இராத்திரி டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, கழுத்தில் கிடக்கிற மாதா உத்தரியத்தைக் கழற்றி வைக்காதே, மழையில் நனைந்தால் தலையை உடனே துவட்டு. அப்பா பேருக்கு உங்கள் கோயிலில் ஒரு பூசை வைக்க மறந்துவிடாதே, மரியதாஸ் என்று பேரைத் திருத்தமாக எழுதிக்கொடு. தேவமாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாளாக, உன் கை தொடுகிற நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும்.

உன் அம்மா,
ம. லூயிசா

ஓரத்தில் இடம் இருக்கிறது, இதையும் கேட்டுவிடுகிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் என்னைப்போல மாடு வைத்துக்கொண்டு ஒருத்தி இருப்பாள்தானே, அவள் கறந்ததைத்தானே நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள், அவளுக்கும் பாலை ஊற்ற ஒரே ஒரு வாசல்தானா?