பலகையில் எந்த மொழி

ஏப்ரல் 7, திங்கள்

பனி கரைந்து சென்ட் லோரன்ட் தெரு முழுக்கச் சேறு. கடை திறக்க இன்னும் ஒரு கிழமை. வருஷப்பிறப்பன்று என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

முடிந்தவை: நீதிமன்றக் கட்டடத்தில் கடைப்பெயர்ப் பதிவு. மாநகரசபை அனுமதி. விற்பனை வரி இலக்கம்.
முடியாதது: உணவு விற்கும் அனுமதி. கை கழுவத் தனித் தொட்டி இருந்தால்தான் தருவார்களாம். குழாய்க்காரர் புதன் வருவார், வந்தால்.

பதிவு என் பெயரில். இந்தப் பிரெஞ்சு மாகாணத்தில் கலியாணம் முடித்தாலும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தானாம். இத்தனை வருடத்துக்குப் பிறகு அப்பாவின் பெயரோடு கையெழுத்து. இவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் பெயர்ப்பலகை ஏறியது. இவர் தானே எழுதியது. மேலே தமிழில் 'வாணி பலசரக்கு', கீழே அதுவே ஆங்கிலத்தில். ஊரில் படவரைஞராக இருந்த கை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தேன். கால் சில்லிட்டது தெரியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மொழிச் சட்டத்து அதிகாரி. கமெராவுடன். பலகையைப் படம் எடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். மரியாதையான மனிதர், ஆனால் சரியான வேகப் பேச்சு. என்னுடையது ஆறு மாத வகுப்புப் பிரெஞ்சு. விளங்கியது: ஆங்கிலம் கூடாது, பிரெஞ்சு வேண்டும், வெள்ளிக்கிழமை திரும்ப வருவார்.

தமிழைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆங்கிலமே கூடாதென்றால் தமிழுக்குக் கேட்க என்ன இருக்கிறது?

எங்கள் அகதி விசாரணை இன்னும் வரவில்லை. சட்டத்தை மீறியவர்கள் என்று கோப்பில் விழுந்தால்? அந்தப் படம் எங்கே போகும்?

இவரிடம் சொன்னேன். அதற்கு இவர், "அங்கை சிங்களம். இஞ்சை இது. நான் ஒரு எழுத்தும் எழுதமாட்டன்."
அரசாங்க வேலைக்குக் கட்டாயமான சிங்களச் சோதனையை எழுத மறுத்துத்தான் அங்கே வேலையை விட்டார். அப்போது நான் அதற்குப் பெருமைப்பட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

குழாய்க்காரர் வந்தார். தொட்டி பூட்டியாயிற்று. சந்தோஷப்பட முடியவில்லை.

மேல்மாடி செல்வா அண்ணை தேத்தண்ணிக்கு வந்து இவரைச் சீண்டினார்: "அங்கை ஒரு சட்டத்துக்கு வேலையை விட்டனீர். இஞ்சை ஒரு சட்டத்துக்குக் கடையையும் விட்டால் கணக்குச் சரி."
"உமக்குப் பகிடி."
"பகிடி இல்லை ஐசே. மனிசி வகுப்புக்குப் போய் நாக்கு முறியப் படிக்குது. அதையும் ஒருக்கா யோசியும்."
இவர் எழுந்து போய்விட்டார். அண்ணை என் முகத்தைப் பார்த்து, "பேந்து வாறன் தங்கச்சி" என்று தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் கடைக்குப் போனால் இவர் ஏணியில். பலகை முழுக்க வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்துக்கு முன்னமே தமிழ் போயிருந்தது.
"பிரெஞ்சு நீரே எழுதும்" என்று தூரிகையைத் தந்தார்.
எழுதினேன். 'எப்பிசெரி வாணி'. பலசரக்குக் கடைக்கு அதுதான் சொல். கோணல். இவர் உள்ளே மூட்டைகளை இழுக்கும் சத்தம், தேவைக்கு மேல்.

ஏப்ரல் 11, வெள்ளி

அதிகாரி வந்தார். பார்த்தார். சரி என்றார். பிறகும் அங்கேயே நின்றார். மற்ற எழுத்து எங்கே என்றார்.
அழித்துவிட்டோம் என்றேன்.
ஏன் என்றார்.
அதோடு வேகமாக இன்னும் ஏதோ சொன்னார். மெதுவாகச் சொல்லச் சொன்னேன். அவரும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: உங்கள் ஆட்களின் சாமான் விற்கும் கடை, பிரெஞ்சோடு உங்கள் மொழியும் இருக்கலாம், நான் ஆங்கிலத்தைத்தான் எடுக்கச் சொன்னேன்.
அவர் போனதும் இவர், "என்னவாம்?"
"தமிழ் இருக்கலாமாம்."
"ஆர் சொன்னது?"
"சட்டத்திலை இருக்காம்."
"அப்ப அண்டைக்கு ஏன் அழிக்கச் சொன்னவன்?"
"அவர் சொல்லேல்லை."
"அப்ப ஆர் சொன்னது?"
ஒருவரும் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. இவரும் என்னைக் கேட்கவில்லை. அழிக்கத்தான் வேண்டும் என்று கேட்காமலே இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.
இவர் அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 12, சனி

உணவு அனுமதி கிடைத்தது. திறப்புக்குத் தேவை: கற்பூரம், பால், பழைய துணி. இவர் வெளியே போய்ச் சிவப்புப் பெயின்ற் ஒரு பேணி வாங்கி வந்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மழைக் குணம். பலகையைக் கழற்றாமல் ஏணியில் நின்றே எழுதுகிறார். என் கோணல் பிரெஞ்சுக்குக் கீழே தமிழ். வரி நேராக வருகிறதில்லை, காற்று.
"கழட்டி உள்ளை வைச்சு ஆறுதலா எழுதலாமே?"
"இல்லை. நாலு பேர் பாக்க எழுதோணும்."
இந்த நேரம் தெருவில் தமிழ் வாசிக்க ஒருவருமில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற இரண்டு கிழவிகள் பார்க்கிறார்கள். தூறத் தொடங்கிவிட்டது. குடையோடு நானும் ஏறப்போகிறேன்.