அப்பா தூக்கிய கை

நவம்பர் 21, வெள்ளி

எங்கள் கிராமத்து வாடகைத் தோட்டங்களில் வீடு கட்டலாமா என்று இன்று ஊர்ச்சபையில் கைதூக்கி முடிவெடுத்தார்கள். சுவிஸ் பாஸ்போர்ட் இல்லாத அப்பாவுக்கு வாக்கில்லை, எனக்கு வயதில்லை. இருவரையும் சுவரோரக் கதிரைகளில் இருத்தினார்கள். வேண்டாம் என்பவர்களை எண்ணும்போது அப்பாவும் கையைத் தூக்கினார்.

“கீழ விடுங்கோ அப்பா, உங்களை எண்ணமாட்டினம்.”

“தெரியுமடா. அவை பாக்கட்டும்.”

எண்ணிய பெண் அவரைப் பார்க்காமலே தாண்டிப் போனாள். கட்டலாம் என்று முடிவானது.

நான் பிறக்கும் முன்பிருந்தே அப்பா கத்தரி நடும் காணியும் அந்தத் தோட்டங்களில் ஒன்று. வெளியே வந்ததும், “கத்தரிக்காய்க்கும் அகதிக் கேஸ் குடுப்பம்” என்றேன். வழமைபோலக் குட்டுவார் என்று தலையைக் குனிந்தேன். குட்டவில்லை.

“அந்த மண்ணை அள்ள விடுவினமோ எண்டு டொச்சிலை கேட்டுச் சொல்லு.”

அப்பாவுக்கு ஜெர்மன் மொழி சரியாக வராது. கேட்கிறேன் என்றேன். அள்ளி எங்கே கொட்டுவது என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடியில்.