எங்கள் வீட்டுப் பியானோவும் நீயும்

மழை பிடித்துக்கொண்டது. ஈரம் ஏறாமல் இருக்க, பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றி உள்ளே ஜீரோ வாட்ஸ் பல்பைப் போட்டேன். மரம் சூடாகி, அந்துருண்டை வாசனை அறை முழுக்கப் பரவியது. உடனே நீ நினைவுக்கு வந்துவிட்டாய். வராமல் இருப்பாயா? என் வீட்டுப் பியானோவில் என்னைவிட அதிகம் உட்கார்ந்தவள் நீ.

உன் வீட்டில் பியானோ இல்லை. பள்ளி விட்டதும் பொழிச்சலூருக்குப் போகாமல் என்னோடு மேற்குத் தாம்பரத்துக்கு வந்துவிடுவாய். முதலில் நான் வாசிப்பேன். சமையலறையில் மிக்ஸி ஓடும். அப்புறம் நீ உட்காருவாய், மிக்ஸி நின்றுவிடும். அம்மா ஈரக்கையோடு கதவருகே வந்து நிற்பாள். "இவளுக்கு கை பேசுதுடி" என்பாள் என்னிடம். பெற்ற மகளிடம் சொல்லும் பேச்சா அது? வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

நீ வெளிநாடு போனாய், பெரிய மேடைகளில் வாசித்தாய், டாக்டர் பட்டமும் வாங்கினாய். எனக்கு ஞாயிறானால் சர்ச்சில் ஆர்கன், மற்ற நாட்களில் கிரேடு எக்ஸாமுக்கு வரும் பிள்ளைகள். ஒருநாள் போன் செய்தாய்.

"ஏய், கீர்த்தனைக்கு வாசிக்கறப்போ லெஃப்ட் ஹேண்ட்ல என்னடி பண்றே?"

"மூணு ஸ்வரம் சேர்த்து அமுக்கற இடத்துல நடு ஸ்வரத்தை விட்டுடுவேன். அதையும் சேர்த்து அமுக்கினா ராகத்தோட இடிக்கும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லணும்? காது கூசுதுல்ல."

என் இடது கை செய்ததைப் பின்னால் உன் ஆராய்ச்சி நூலில் ஓர் அத்தியாயமாக்கினாய். நன்றியுரையில் என் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தாய். ஏமாற்றியிருந்தாலாவது நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அதற்கும் நீ வழி வைக்கவில்லை.

கடைசியாகப் பேசியபோது, "கிறிஸ்மஸுக்கு வரேன். இந்தத் தடவை நீ வாசி, நான் கேக்கறேன்" என்றாய். உன் முன்னால் ஒரே ஒரு முறை நன்றாக வாசித்துவிட வேண்டும் என்று வெறி வந்தது. அம்மாவுக்குப் பிடித்த, நீ எப்போதும் வாசிக்கும் அந்த மெதுவான மெட்டையே எடுத்து, பிள்ளைகள் போன பிறகு தினமும் பழகினேன். கிறிஸ்மஸுக்கு முன்பே நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் இருந்ததைக்கூடச் சொல்லவில்லை. யாருக்கு வாசித்துக் காட்டுவது நான்?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. படுத்த படுக்கையாக இருக்கிறாள், தாங்கமாட்டாள்.

இன்று மாலை அதை முழுசாக வாசித்தேன். ஓர் இடத்திலும் பிசகவில்லை. முடித்ததும் உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்: "அவ எப்போ வந்தா? நீ சொல்லவே இல்ல."

"நாந்தாம்மா வாசிச்சேன்."

"பொய் சொல்லாதே. வெளியில மழையா இருக்கு, அவளைச் சாப்பிட்டுப் போகச் சொல்லு."

செத்த பிறகும் எனக்கு வர வேண்டியதை நீதான் வாங்கிக்கொள்கிறாய். "சரிம்மா, சொல்றேன்" என்றேன். இந்தப் பொறாமையை நான் விடுவதாக இல்லை. உன்னிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.