சம்பந்தியம்மாவுக்கு ஒரு கையெழுத்து

அன்புள்ள மகள் வாயாடிக்கு,

சித்தப்பாவின் ஆசிகள். இங்கே நான் சுகம். நீயும் சுகமாக இருப்பதாகக் கீழ்வீட்டுத் தையல்காரர் மனைவி சொன்னாள். உன் விலாசத்தைக் கொடுத்ததும் அவள்தான். ஆனாலும் உன் கையால் எழுதி வந்தால்தான் நம்புவேன். போன் போட்டால் மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. உனக்கு வேலை அதிகம், எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம். கடிதம் மணி அடிக்காது.

விஷயம் என்னவென்றால், நம் வீட்டுக்கு ஒரு நாய் வந்திருக்கிறது. சாதாரண நாய் இல்லை. ஒரு காது பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி சிறுத்தையோடு போட்ட சண்டையில் போய்விட்டது என்று தெருவில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். காப்பகத்து ஆட்களோ, பஸ் பணிமனையில் கண்டெடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது என்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் போய்ச் சேருவதற்குள் சிறுத்தை கிளம்பியிருக்கும்.

பெயர் சம்பந்தியம்மா. நான்தான் வைத்தேன். வந்த அன்று வாசலிலேயே நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தது. தட்டில் வைத்ததை முகர்ந்துவிட்டு, உங்கள் வீட்டில் இவ்வளவுதானா என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் என் கட்டிலுக்கு அடியில் போனதுதான், மூன்று நாள் வெளியே வரவில்லை. மரியாதை குறைந்துபோன சம்பந்திகூட இரண்டாம் நாள் இறங்கி வந்துவிடுவாள். நான் தரையில் குப்புறப் படுத்து, லிப்ட் மெக்கானிக்காக இருந்தபோது வைத்திருந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். எட்டாவதைப் பாதியில் விட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது, அப்படி ஒரு படிப்பு. கம்பிவடம் பற்றிய பாடம் முடிவதற்குள் மூக்கு வெளியே வந்தது. இப்போது நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே காவல். என்மேல் இன்னும் முழு நம்பிக்கை கிடையாது. ஓடிவிடுவேனோ என்று சந்தேகப்படுகிறது.

இப்போதைக்கு இது நம்முடையது இல்லை. மூன்று வாரம் வைத்துப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பாராம். சரி என்றால் தத்து. இல்லையென்றால் திரும்பக் கூண்டு. ஏற்கெனவே இரண்டு வீட்டில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். போன தடவை கூண்டுக்குள் போனதும் ஒன்பது நாள் சாப்பிடவில்லை. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. அவர்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது.

இனி முக்கியமான சங்கதி. படிவத்தில், வீட்டில் வேறு பெரியவர்கள் யார் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. அறுபத்தைந்துக்கு மேல் தனியாக இருப்பவர்களுக்கு நாய் கிடையாது என்று காப்பகத்து வாட்ச்மேன் ரகசியமாகச் சொன்னான். நான் வயதை அறுபத்தொன்று என்று போட்டேன். பார்த்தால் அவ்வளவுதான் மதிப்பார்கள். உன் பெயரையும் போன் நம்பரையும் அந்தக் கட்டத்தில் எழுதினேன். நீ இங்கேதான் இருக்கிறாய், காலையில் சீக்கிரம் வேலைக்குப் போய்விடுகிறாய். அவ்வளவுதான். காப்பகத்திலிருந்து யாராவது கூப்பிட்டு விசாரித்தால் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல். பழசை நினைத்துப் பயப்படாதே. உன் லேப் மேனேஜரிடம் நான் பேசியது வேறு. அது உன் பதவி உயர்வுக்காக. இது வெறும் நாய்.

போன மாதம் நான் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததாகத் தையல்காரர் வீட்டில் யாராவது உனக்குச் சொல்லியிருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. லேசான மயக்கம். ஒரே நாளில் விட்டிருப்பார்கள். டாக்டருக்கு என் பேச்சு பிடித்துப்போய்விட்டது, அவர்தான் விடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆசியுடன்,
உன் சித்தப்பா


அன்புள்ள வாயாடி,

ஆசிகள். பதில் வரவில்லை. தபால்காரன்மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

வீடு பார்க்க ஆள் வந்தாயிற்று. நான் ஏதோ தடிமனான ஆபீசர் வருவார் என்று சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். வந்தது ஒல்லியாக ஒரு அம்மா. வாரநாளில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலையாம், விடுமுறையில் இந்தச் சேவையாம். சம்பளம் இல்லாமல் ஒருத்தி அடுத்தவர் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டு அலைகிறாள் என்றால் நீயே சொல், நம்புகிற மாதிரியா இருக்கிறது? வீட்டுத் தரகராக இருப்பாளோ என்று முதலில் தோன்றியது. பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு இடைவெளி பார்த்தாள். மாடிப்படி எத்தனை என்று எண்ணினாள். மருந்து டப்பா எங்கே வைப்பீர்கள் என்றாள். குப்பைக்கூடையின் மூடியைத் திறந்து மூடினாள்.

பேச்சில் அவளை ஜெயித்துவிடலாம் என்று பார்த்தேன். அமைச்சர் ஒருவர் லிப்ட்டில் மாட்டிக்கொண்டதையும், நான் பதினோரு மாடி ஏறிப்போய் ஒற்றைக் கையால் இறக்கியதையும் எடுத்துவிட்டேன். “அன்னிக்கு நாய் உங்ககூட இருந்துச்சா?” என்று கேட்டாள். இல்லையம்மா, அது நடந்து முப்பது வருஷம் ஆகிறது என்றேன். “அப்ப நாயைப் பத்தி மட்டும் சொல்லுங்க” என்று பேனாவை எடுத்தாள். இந்த மாதிரி ஆளை என் சர்வீஸில் பார்த்ததே இல்லை.

பிறகு உன் அறை. அதை நான் விட்டுவைப்பேனா? உன் நீலத் துப்பட்டாவை ஆணியில் மாட்டியிருந்தேன். செருப்பைத் துடைத்து வாசலில் போட்டிருந்தேன். சீப்பு, தலையணை எல்லாம் இடத்தில் இருந்தன. குளியலறையில் இரண்டாவது பிரஷ், அதையும் காலையில் நனைத்து வைத்தேன். சினிமாக்காரர்கள்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ய மாட்டார்கள். அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். சரி, தேறிவிட்டோம் என்று காப்பி கலக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், சம்பந்தியம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பழைய சாக்கைத் தைத்துத் தையல்காரர் கொடுத்த படுக்கை அது. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைக்கிறாள். என் பனியன். என் ஒற்றைச் சாக்ஸ். நான் மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்த கண்ணாடிக் கூடு. என் துண்டு. சம்பந்தியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, சீர்வரிசை எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறது.

“பயந்த நாய் யாரை நம்புதோ அவங்க சாமானைத் தன் படுக்கைக்கு இழுத்துட்டு வந்துடும் சார். மூணு வாரமாச்சு. உங்க மகளோடது ஒண்ணுகூட இல்லையே?” என்றாள்.

நான் அசரவில்லை. என் மகள் ஒழுங்கு, எதையும் கீழே போட மாட்டாள் என்றேன். “வாசல்ல செருப்பு கிடக்குதே” என்றாள். நாய்க்கு அந்த நிறம் பிடிக்காது என்றேன். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தர் எழுதினால் என்ன எழுதுகிறார் என்று எப்படித் தெரியும்? எட்டிப் பார்த்தேன். எழுத்து எறும்பு சைஸ். கண்ணாடிக் கடைக்காரி, வேண்டுமென்றே பழகியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருவாளாம். அதற்குள் உன்னோடு போனில் பேசிக்கொள்வாளாம். போகும்போது நாயின் தலையில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. வழியனுப்புகிற மாதிரி இருந்தது.

யார் போட்டுக்கொடுத்தது என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. தையல்காரரைக் கேட்டேன். “எனக்கு எதுக்குய்யா உங்க வீட்டு வம்பு, என் துணியை வெட்டவே நேரமில்ல” என்று கத்தரியைக் காட்டினார். வாட்ச்மேனாக இருக்காது, யோசனை கொடுத்ததே அவன்தான். கடைசியில், கோபித்துக்கொள்ளாதே, உன்மேலேயே சந்தேகம் வந்தது. என் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே காப்பகத்துக்குச் சொல்லியிருப்பாயோ? சித்தப்பா மறுபடியும் என்னைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டாரே என்று? அப்படிச் சொல்லியிருந்தால் உன்மேல் தப்பு இல்லை. சொல்லாமல் இருந்தால், தெரியாத நம்பர் என்று விட்டுவிடாமல் எடு. நீ எல்லாருடைய போனையும் எடுக்கிறவள்தான்.

சம்பந்தியம்மா இப்போது என் செருப்பின்மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறது. எழுந்திருக்க முடியவில்லை. அதனால் கடிதம் நீண்டுவிட்டது.

உன் சித்தப்பா


மகளே,

ஞாயிறு முடிந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

கண்ணாடிக்கடை அம்மா வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். “உங்க அண்ணன் மகள்கிட்ட பேசினேன்” என்றாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, என்ன சொன்னாள் என்று கேட்டேன். அங்கேதான் இருக்கேன், இப்ப வேலை விஷயமா வெளியூர் வந்திருக்கேன், சீக்கிரம் வந்துடுவேன் என்று நீ சொன்னாயாம்.

அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? நாய் தினமும் உன் கட்டிலில்தான் தூங்குகிறது, நீ வேலையிலிருந்து வரும் பஸ்ஸின் சத்தம் அதற்குத் தெரியும், தெருமுனையிலேயே வாலை ஆட்டத் தொடங்கிவிடும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறாய். அந்த அம்மா நாயைப் பார்த்தாள், உன் அறை வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இது உங்க குடும்பத்துல எல்லாருக்கும் உண்டா சார்?” என்றாள்.

இல்லை என்று சொல்லாமல் நீ போனை வைத்துவிட்டாலே போதும் என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன். பொய் சொல்கிற ஆளோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்க மாட்டேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியவள் நீ. எனக்காக நீ ஒரு ஊரையே கட்டி எழுப்பியிருக்கிறாய், பஸ் சத்தம் உட்பட. கேட்டதும் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம் வெட்கமாகிவிட்டது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் வயது அறுபத்தெட்டு. என் மகள் இந்த வீட்டை விட்டுப் போய்ப் பதினேழு மாதம். மயக்கம் லேசானது இல்லை, சமையலறையில் விழுந்து, தையல்காரர் தண்ணீர்க் குழாய் சத்தம் நிற்கவில்லையே என்று மேலே வந்து பார்க்கும்வரை கிடந்தேன். வெளிநாட்டில் ஒரு வருஷம் பயிற்சி எடுத்தவள் என்று உன் மேனேஜரிடம் நான் அளந்துவிட்டதையும், நீயே சொல்லச் சொன்னதாக நினைத்து அவர்கள் உன்னை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டதையும் சொன்னேன். அன்று நீ வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டபோது நான் சிரித்தேன். அதையும் சொன்னேன். அந்த அம்மா இதையெல்லாம் என்னிடம் விசாரிக்கவே இல்லை. என் வாய்தான் நிற்கவில்லை.

அவள் படிவத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். தீர்ந்தது என்று நினைத்து, நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தாள். “தனியா இருந்தா நாய் கிடையாதுன்னு யார் சார் சொன்னது? உங்களுக்கு முடியாமப் போனா, நான் போன் பண்ணினா, வந்து இதைக் கூட்டிட்டுப் போக ஒரே ஒரு ஆள் வேணும். அவங்க எந்த ஊர்ல இருந்தாலும் சரி. முதல்லயே என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றாள். வாட்ச்மேனைக் கேட்டுக்கொண்டு நான் துப்பட்டாவை மாட்டியிருக்கிறேன், பார்.

தையல்காரரைப் போடட்டுமா என்று கேட்டேன். அவருக்கு நாய்முடி ஒத்துக்கொள்ளாது. தெருவில் என் கதையைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் நிறைய. கூப்பிட்டால் வருகிறவர்கள் என்று எண்ணினால் ஒரு விரல்கூட மடங்கவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் கூண்டுதான். அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அந்தப் படிவம் இதோடு இருக்கிறது. என் பகுதியை நானே எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கும், வேறு பிழை இல்லை. கீழே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அதில் உன் பெயரின் முதல் எழுத்தைக்கூட நான் எழுதவில்லை. பேனாவை எடுத்தேன், மூடிவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. காலையிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் வந்துடுவேன் என்று நீ சொன்னாயே, அது எனக்காகச் சொன்ன பொய்யா, இல்லை வாய்தவறி வந்த நிஜமா? மற்றவர்கள் விடுவது கதை என்றால் நான் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உன் முகம் இங்கே இல்லை.

நாய்க்காக மட்டும் கையெழுத்துப் போடுவதென்றாலும் போடு. முடியாது என்றால் கட்டத்தில் முடியாது என்று எழுதி அனுப்பு. அதையும் நீயே எழுது. நான் வாங்கிப் படித்துக்கொள்கிறேன், யாரிடமும் வேறு மாதிரி சொல்ல மாட்டேன்.

போகிற இடத்தில் உன்னைப் பற்றி நீ சொல்வதை ஒரே தடவையில் நம்புகிற மனிதர்கள் உனக்கு வாய்க்க வேண்டும். அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

உன் சித்தப்பா